முகப்பில் நாலு பாயிண்ட், மூன்றாம் கட்டில் ஒன்று: செல்போன் கதிர்வீச்சு, எளிய விளக்கம்

காரைக்குடியில் நான் வைத்திருப்பது சின்னக் கடை. போன் ரிப்பேர், ரீசார்ஜ், டெம்பர்ட் கிளாஸ், பவுச், சார்ஜர். போன மாசம் பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி வந்தார். எழுபதைத் தாண்டிய வயது. கைப்பையிலிருந்து போனை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்துவிட்டு, "தம்பி, இதுல ஒட்டுறதுக்கு ஒரு ஸ்டிக்கர் வந்திருக்காமே, கதிர்வீச்சை அப்படியே தடுத்துருமாமே, அதுல ஒண்ணு குடுங்க" என்றார்.

"யாரு சொன்னா ஆச்சி?"

"வாட்ஸ்அப்புல வந்துச்சு. மகன் சிங்கப்பூர்லேருந்து ராத்திரி கூப்பிட்டா ஒரு மணி நேரம் பேசுவான். பேசி முடிக்கிறப்ப காது சுடுது. தலைக்குள்ள என்னமோ ஏறுற மாதிரி இருக்கு."

அந்த ஸ்டிக்கர் என்னிடம் இல்லை. மதுரையிலிருந்து சரக்கு கொண்டுவருபவர் ஓர் அட்டை நிறையக் காட்டி, நல்ல லாபம் நிற்கும் என்று ஆசை காட்டத்தான் செய்தார். நான் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று ஆச்சிக்குச் சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் நாலு பேர் ரீசார்ஜுக்கு வந்து நின்றதில் பேச்சு அறுந்துபோனது. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்கப்பா, காபி குடிச்சிக்கிட்டே சொல்லலாம்" என்று கிளம்பிவிட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவன், டாக்டர் இல்லை. அதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அந்தச் சொல்லே பாதிப் பயம்

நம் மொழியில் கல்பாக்கத்துக்கும் கதிர்வீச்சு என்றுதான் சொல்கிறோம், எக்ஸ்ரேவுக்கும் அதே சொல், புற்றுநோய்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரியில் 'கரண்டு வைக்கிறார்களே' அதற்கும் அதே சொல். செல்போனுக்கும் அதையே போட்டால் கேட்பவருக்கு வயிற்றைக் கலக்கத்தானே செய்யும்? ஆனால் காலையில் வளவு முற்றத்தில் விழுகிற வெயிலும் கதிர்வீச்சுதான். விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்தால் முகத்தில் படுகிற அனலும் கதிர்வீச்சுதான். 1939-இல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியதே, அன்றைக்கு அந்தக் காலத்து வால்வு ரேடியோவுக்கு வந்து சேர்ந்ததும் கதிர்வீச்சுதான். அது நம் தாத்தா பாட்டிகளின் உடம்புக்குள் புகுந்துதான் அந்தப் பெட்டிக்குள் போனது.

எல்லாம் ஒரே குடும்பம்தான், குணம் வேறு. குணத்தைப் பிரிப்பது ஒரே ஒரு கேள்வி: அந்தக் கதிர் ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எறியுமா, எறியாதா? எக்ஸ்ரேயும் காமாக் கதிரும் பிய்த்து எறியும். அப்படிப் பிய்யும்போது உடம்பின் செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ உடையலாம், அந்த உடைசல் பின்னாளில் புற்றுநோயாக மாறலாம். இவற்றை அயனியாக்கும் கதிர்வீச்சு என்பார்கள். ரேடியோ அலை, செல்போன் அலை, வைஃபை, மைக்ரோவேவ், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் எல்லாம் பிய்க்கத் தெம்பில்லாதவை.

"ஒரு தடவைல பிய்க்கலைன்னா, ஒரு மணி நேரம் விடாம அடிச்சாப் பிய்யாதா?" என்று ஆச்சி கேட்டார். நல்ல கேள்வி. பிள்ளையார்பட்டியில் சிதறுகாய் போடுவதை நினைத்துப் பாருங்கள். ஓங்கி ஒரே போடு, தேங்காய் சிதறிவிடும். அதே காயை மடியில் வைத்து உள்ளங்கையால் ஆயிரம் தட்டு தட்டினாலும் உடையாது. ஏனென்றால் ஒவ்வொரு தட்டும் தனித்தனி. முதல் தட்டின் வலு இரண்டாவதோடு சேர்ந்துகொள்வதில்லை. கதிர்களும் அப்படித்தான், தனித்தனிப் பொட்டலமாக வருகின்றன. செல்போன் அலையின் ஒரு பொட்டலத்தில் இருக்கும் ஆற்றல், எலக்ட்ரானைப் பிய்க்க வேண்டிய ஆற்றலில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட வராது. சாதாரண விளக்கு வெளிச்சத்தின் ஒரு பொட்டலமே செல்போன் அலையை விட லட்சம் மடங்குக்கு மேல் வலுவானது.

ஆனால் ஆயிரம் தட்டு தட்டினால் தேங்காய் உடையாவிட்டாலும் உள்ளங்கை சூடாகும். செல்போன் அலை செய்வதும் அந்தச் சூடுதான். உடம்பில் இருக்கும் தண்ணீர் அந்த அலையைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கிறது, உறிஞ்சியது வெப்பமாகிறது. உலகம் முழுக்கப் பாதுகாப்பு வரம்புகளைப் போட்டிருப்பது இந்த வெப்பத்தை வைத்துத்தான்.

எஸ்ஏஆர் என்கிற எண்

உங்கள் போனில் *#07# அடித்துப் பாருங்கள். ஓர் எண் வரும். தலைக்கு 0.9, உடம்புக்கு 1.1 என்கிற மாதிரி இருக்கும். இதுதான் எஸ்ஏஆர். ஒரு கிலோ திசு எத்தனை வாட் ஆற்றலை உறிஞ்சுகிறது என்கிற கணக்கு. இந்தியாவில் வரம்பு கிலோவுக்கு 1.6 வாட். திசுவில் எந்த ஒரு கிராமை எடுத்து அளந்தாலும் அந்த விகிதத்தைத் தாண்டக் கூடாது. 2012 செப்டம்பர் 1 முதல் இந்த வரம்பு நடப்பில் இருக்கிறது. அதற்கு முன்பு நாமும் ஐரோப்பாவைப் போல, 10 கிராமுக்குச் சராசரி பார்த்து 2 வாட் என்று வைத்திருந்தோம். ஒரு கிராமுக்குப் பார்ப்பது இன்னும் கறார்.

வரம்பு எங்கிருந்து வந்தது? உடம்பு முழுக்கக் கிலோவுக்கு 4 வாட் உறிஞ்சினால் உடல் வெப்பம் ஏறக்குறைய 1 டிகிரி ஏறும் என்று கண்டார்கள். பொதுமக்களுக்கு அதில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 0.08 வாட், போதும் என்று சர்வதேச வழிகாட்டுதல் நிறுத்திக்கொண்டது. தலை போன்ற ஒரே இடத்தில் படுவதற்குத் தனி வரம்பு. அதுதான் மேலே சொன்னது.

இன்னொரு கணக்கும் சொன்னேன். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பே எந்நேரமும் 80 முதல் 100 வாட் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கிறது, பழைய குண்டு பல்பு மாதிரி. 4ஜி போன் முழுத் தொண்டையில் கத்தினாலும் அனுப்புவது 0.2 வாட். அதிலும் ஒரு பகுதிதான் தலைக்குள் போகிறது.

"அப்ப காது ஏன் சுடுது?"

அது அலையின் சூடு இல்லை. ஒரு மணி நேரம் வேலை செய்கிற பேட்டரியும் சிப்பும் சூடாகின்றன. அந்தக் கண்ணாடித் துண்டை வைத்துக் காதை அடைத்துவிடுகிறோம், காற்றும் புகாது. கொதிக்கிற பால் செம்பைக் காதில் வைத்தால் சுடுவதைப் போலத்தான். அலை ஏற்றுகிற வெப்பம் அதில் மிகச் சின்னப் பங்கு, தோலுக்குத் தனியாகத் தெரியாது.

எஸ்ஏஆர் எண்ணைப் பற்றிக் கடைக்காரனாக ஒரு வார்த்தை. 'இது 0.6, அது 1.2, அதனால் இது இரண்டு மடங்கு நல்ல போன்' என்று சிலர் கணக்குப் போட்டு வாங்குகிறார்கள். அந்த எண் பரிசோதனைச் சாலையில் எடுத்தது. தலை மாதிரி செய்த ஓட்டுக்குள் திசுவைப் போன்ற ஒரு திரவத்தை ஊற்றி, போனை உச்சபட்ச சக்தியில் ஓடவிட்டு அளப்பார்கள். நீங்கள் பேசும்போது போன் அந்த உச்சத்தில் இருப்பது அபூர்வம். 0.6 போனை டவர் கிடைக்காத அறையில் வைத்துப் பேசுகிறவர், 1.2 போனைத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவரை விட அதிகம் வாங்கிக்கொள்ளலாம். வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த எண். மதிப்பெண் பட்டியல் இல்லை. வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு: 2023 செப்டம்பரில் பிரான்ஸ் அரசு ஐபோன் 12 விற்பனையையே நிறுத்தியது. கையில் வைத்துப் பிடித்திருக்கும் நிலைக்கு அங்கே வரம்பு 4 வாட், அளந்தபோது வந்தது 5.74. ஆப்பிள் மென்பொருளை மாற்றிச் சரிசெய்தது.

வீட்டுக்குள் ஒரு நடை

இனிமேல் சொல்வதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது.

ஆச்சி வீடு தெருவுக்குத் தெரு நீளும் செட்டிநாட்டு வீடு. முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. திண்ணை, முகப்பு, பட்டாலை, நடுவில் முற்றம் உள்ள வளவு, அதற்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. சுண்ணாம்புச் சாந்து பூசிய, ஒரு முழத்துக்கு மேல் கனமான செங்கல் சுவர்கள். பர்மாத் தேக்கு, இரும்பு உத்திரம். வெயிலை வெளியே நிறுத்தக் கட்டிய வீடு, கூடவே ரேடியோ அலையையும் வெளியே நிறுத்திவிடுகிறது. ஆச்சி ராத்திரி பேசுவது மூன்றாம் கட்டில், அடுப்படிக்குப் பக்கத்து அறையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், 'போனைப் பற்றி' என்ற இடத்தில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் வலு ஓர் எண்ணாகத் தெரியும். கழித்தல் குறியோடு இருக்கும், பின்னால் டிபிஎம் என்று போட்டிருக்கும். கழித்தல் 80 என்றால் நன்றாகக் கிடைக்கிறது. 115, 120 என்று போனால் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். ஆச்சியும் நானும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குள் நடந்தோம். திண்ணையில் கழித்தல் 84. வளவில் ஓரத்துத் தாழ்வாரத்தில் 97, முற்றத்தில் இறங்கி வானம் தெரிகிற இடத்தில் நின்றால் 92. இரண்டாம் கட்டில் 106. அடுப்படிப் பக்கத்து அறையில் 117. திரையில் தெரிகிற சிக்னல் பாயிண்ட் கணக்கில் சொன்னால் முகப்பில் நாலு, இங்கே ஒன்று, அதுவும் போகவர.

இந்த எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. கழித்தல் 84 என்பது கழித்தல் 94 ஆவதைப் போல 10 குறைந்தால் சிக்னல் பத்தில் ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம். 20 குறைந்தால் நூறில் ஒன்று, 30 குறைந்தால் ஆயிரத்தில் ஒன்று. திண்ணைக்கும் அடுப்படிக்கும் வித்தியாசம் 33. அதாவது அடுப்படியில் கிடைக்கும் சிக்னல் திண்ணையில் கிடைப்பதில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு.

போன் கேட்க மட்டும் செய்வதில்லையே, பதிலும் சொல்ல வேண்டும். நம் குரல் டவருக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த வீடுகளில் அடுப்படியிலிருந்து முகப்பில் இருப்பவரைக் கூப்பிடுகிறவர்கள் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுத்தால் போதும், மூன்று கட்டு தாண்டிக் கேட்க வேண்டுமானால் கத்தத்தான் வேண்டும். போனும் அதைத்தான் செய்கிறது. டவர் ஒவ்வொரு நொடியும் பல நூறு முறை போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்: 'சத்தம் போதும், குறை' அல்லது 'கேட்கவில்லை, கூட்டு'. 4ஜி போன் தன் சக்தியை 0.2 வாட்டிலிருந்து ஒரு வாட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே வரை குறைத்துக்கொள்ளும். நல்ல சிக்னலில் அது கிசுகிசுக்கிறது. மோசமான சிக்னலில் உச்சத்தில் நின்று கத்துகிறது, பேட்டரியையும் தின்கிறது, சூடும் ஆகிறது.

ஆச்சியின் காது சுட்டதற்கு இதுதான் காரணம். வீட்டிலேயே மோசமான இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே உட்கார்ந்து, கத்துகிற போனைக் காதில் வைத்து ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்.

ஸ்டிக்கர் கதையும் இங்கேயே முடிந்துவிடும். அந்த ஸ்டிக்கர் அலையைத் தடுக்கவில்லை என்றால் காசு தண்டம். உண்மையிலேயே தடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் இன்னும் மோசம்: போனுக்குச் சிக்னல் குறையும், அது மேலும் கத்தும். அமெரிக்காவின் வர்த்தக ஆணையமே இதைச் சொல்லி மக்களை எச்சரித்திருக்கிறது.

'டவர் இல்லை', 'டவர் வேண்டாம்'

நம் பக்கத்தில் சிக்னலுக்குப் பெயரே டவர். 'டவர் கிடைக்கல', 'உள்ள போனா டவர் எடுக்கல' என்றுதான் பேசுகிறோம். அதே வாய் நிஜமான டவர் வைக்க யாராவது இடம் பார்த்தால் மனு எழுதுகிறது. ஆச்சியும் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தார். தெருக்கோடியில் காலி இடத்தில் டவர் வரப்போகிறதாம். "புள்ளைங்க இருக்கிற தெரு தம்பி" என்றார். அந்தக் கவலையை நான் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். தூரம் என்பது அலைக்குப் பெரிய எதிரி. தூரம் இரண்டு மடங்கானால் வலு நாலில் ஒன்றாகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். டவர் பல வாட் சக்தியில் அனுப்புகிறதுதான், ஆனால் அது ஐம்பது மீட்டர், நூறு மீட்டர் தள்ளி நிற்கிறது. போன் 0.2 வாட்தான், ஆனால் அது காதோடு ஒட்டி நிற்கிறது. பெரும்பாலானவர்களின் தலைக்கு வந்து சேர்வதில் பெரும்பங்கு கையில் இருக்கும் போனிலிருந்துதான் வருகிறது.

டவருக்கு நேர் கீழே வீடு இருப்பவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். குத்துவிளக்கை ஏற்றி வைத்துவிட்டு அதன் அடியைப் பாருங்கள், அங்கேதான் இருட்டு. டவர் ஆண்டெனாவும் அப்படித்தான். அது அலையைக் கீழ்நோக்கிக் கொட்டுவதில்லை, கிட்டத்தட்டக் கிடைமட்டமாக, சில டிகிரி மட்டும் சாய்த்து, தூரத்துக்கு வீசுகிறது. நேர் கீழே விழுவது சொற்பம். ஆண்டெனாவுக்கு எதிரே, அதே உயரத்தில், பக்கத்திலேயே மாடி இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் டவருக்கான வரம்பு சர்வதேச வழிகாட்டுதலில் பத்தில் ஒரு பங்கு. இதுவும் 2012 செப்டம்பர் 1 முதல்தான். 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சர்வதேச அளவு சதுர மீட்டருக்கு 4.5 வாட், நமக்கு 0.45. 1800-க்கு 0.9. சந்தேகம் இருந்தால் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2017-இல் திறந்த தரங் சஞ்சார் தளத்தில் உங்கள் பகுதி டவர்களின் விவரத்தைப் பார்க்கலாம். கட்டணம் கட்டி நேரில் வந்து அளக்கச் சொல்லியும் கேட்கலாம். மனு எழுதுவதற்கு முன்னால் இதைச் செய்திருக்கலாமே என்றேன்.

டவருக்கு எதிராக நியாயமான புகாரே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஜெனரேட்டர் சத்தம், டீசல் புகை, பழைய கட்டடத்து மொட்டை மாடியில் பாரம் ஏற்றுவது, பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேலையைத் தொடங்குவது, இவற்றுக்காகச் சண்டை போடலாம், போட வேண்டும். ஆனால் கதிர்வீச்சுக்குப் பயந்து டவரை ஊருக்கு வெளியே துரத்தினால் தெருவில் இருக்கும் ஒவ்வொரு போனும், பிள்ளைகள் காதில் வைக்கும் போனும் சேர்த்து, இன்னும் பலமாகக் கத்தும். நம் பயம் எதைக் குறைக்க நினைத்ததோ அதையே கூட்டிவிடும்.

5ஜி பற்றியும் கேட்டார். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, 5ஜி சோதனையால்தான் ஜனங்கள் சாகிறார்கள் என்று ஒரு குரல் பதிவு சுற்றியதை மறந்திருக்க மாட்டீர்கள். இந்தியாவில் 5ஜி சேவை தொடங்கியதே 2022 அக்டோபர் 1-இல். அதுவும் ரேடியோ அலைதான். அதற்குப் புதிதாகக் கொடுத்த 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை பழையவற்றை விட உடம்புக்குள் குறைவான ஆழமே போகும்.

அப்ப புற்றுநோய்?

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011 மே மாதம் ரேடியோ அலைகளை '2பி' என்ற வகுப்பில் வைத்தது. 'புற்றுநோயை உண்டாக்க வாய்ப்பு இருக்கலாம், சான்று குறைவு' என்பது அதன் பொருள். பத்திரிகைகள் 'செல்போனால் புற்றுநோய்: உலக சுகாதார நிறுவனம்' என்று எழுதின. அந்தப் பட்டியலை முழுதாகப் பார்த்தால் சங்கதி புரியும். அது சான்று எவ்வளவு உறுதி என்று சொல்கிற பட்டியல். ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அது சொல்வதில்லை. 2பி வகுப்பில் கற்றாழை இலையை முழுதாக அரைத்து எடுத்த சாறும் இருக்கிறது, கிழக்காசிய முறையில் போட்ட காய்கறி ஊறுகாயும் இருக்கிறது. உறுதியான சான்று உள்ள முதல் வகுப்பில் யார் என்றால் புகையிலை, சாராயம், வெயிலின் கதிர், பிறகு நம் பாக்கு. ஆமாம், கொட்டைப் பாக்கேதான், புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கும் அதில் உண்டு. இதைச் சொல்லும்போது ஆச்சி பக்கத்தில் வெற்றிலைத் தட்டு இருந்தது. அவர் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். சாப்பிடாமல் இருந்தாரா என்பது வேறு விஷயம்.

2011-இல் எடுத்த அந்த முடிவுக்குக் காரணமாக இருந்தவற்றில் ஒன்று 13 நாடுகளில் நடந்த இன்டர்போன் ஆய்வு. முடிவுகள் 2010-இல் வந்தன. மொத்தத்தில் செல்போன் பேசுபவர்களுக்கு மூளைக் கட்டி கூடவில்லை. ஆனால் மிக அதிகமாக, வாழ்நாளில் 1640 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களிடம் கிளியோமா என்ற கட்டி 40 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. 'சொன்னவர்கள்' என்பதைக் கவனியுங்கள். நோய் வந்த பிறகு, பத்து வருஷத்துக்கு முன்னால் தினம் எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று கேட்டால் யாருக்குச் சரியாக நினைவிருக்கும்? சிலர் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் பேசினேன் என்றெல்லாம் சொல்லியிருந்தார்கள். ஆய்வு செய்தவர்களே இந்தக் குறையை எழுதிவைத்திருக்கிறார்கள்.

2018-இல் அமெரிக்காவில் எலி ஆய்வு ஒன்று வந்தது. தினம் ஒன்பது மணி நேரம், இரண்டு வருஷம், உடம்பு முழுக்க அலை. ஆண் எலிகளின் இதயத்தில் ஒருவகைக் கட்டி கூடியது. பெண் எலிகளில் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. அலை பட்ட ஆண் எலிகள் படாதவற்றை விட அதிக நாள் உயிரோடு இருந்தன என்பதையும் சேர்த்துப் படித்தால் தலைசுற்றும். அதை மட்டும் வைத்து மனிதனுக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

2024-இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில், இதுவரை வந்த மனித ஆய்வுகளில் 63-ஐச் சேர்த்துத் துருவிப் பார்த்தார்கள். செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களிடமும் தென்படவில்லை. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-இல் பேசப்பட்டது. சில நாடுகளில் அதற்கும் பத்து, பன்னிரண்டு வருஷம் முன்பே செல்போன் வந்துவிட்டது. அதனால் புற்றுநோய் கூடுவதாக இருந்தால், பதிவேடுகளைக் கச்சிதமாக வைத்திருக்கும் நாடுகளில் இந்நேரம் அது கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால்: பயந்து நடுங்க இதில் ஒன்றும் இல்லை. ஆனால் காசு செலவில்லாமல், சிரமம் இல்லாமல் குறைத்துக்கொள்ள வழி இருக்கும்போது குறைத்துக்கொள்வதில் தப்பும் இல்லை. குழந்தைகள் விஷயத்தில் முக்கியமாக. அவர்கள் மண்டையோடு மெல்லிது, தலை சிறிது, அதே போனைக் காதில் வைத்தால் மூளையின் சில பகுதிகளில் உறிஞ்சல் பெரியவர்களை விடக் கூடுதல். அவர்களுக்கு இனிமேல் எத்தனை வருஷம் போன் பேச இருக்கிறது!

ஆச்சி வீட்டில் செய்தது

முதலில் ஸ்பீக்கர். போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாலே தலைக்குப் போவது மளமளவென்று குறைந்துவிடும். ஒயர் ஹெட்செட் போட்டாலும் அதே பலன். காதில் செருகும் புளூடூத்தும் அலையைத்தான் அனுப்புகிறது, ஆனால் சில மில்லிவாட் மட்டும், கத்துகிற போனோடு ஒப்பிட்டால் அது குசுகுசுப்பு. வீடியோ காலில் போன் அதிகம் அனுப்பும் என்றாலும் கையை நீட்டிப் பிடித்திருப்பதால் தலைக்குச் சேர்வது குறைவு.

இரண்டாவது, இடம். திண்ணையிலோ முகப்பிலோ உட்கார்ந்து பேசுங்கள் என்றேன். "தெருவே கேக்குமே" என்றார். சரி, அதற்கும் வழி இருக்கிறது, வைஃபை காலிங். வீட்டில் ஏற்கெனவே பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தபோது போட்ட பிராட்பேண்ட் இருந்தது. ரூட்டர் முகப்பில் ஒரு பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. அதை இரண்டாம் கட்டுக்கு இழுத்து, போன் செட்டிங்ஸில் வைஃபை காலிங்கை ஆன் செய்தேன். இப்போது போன் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டவரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, பக்கத்து அறையில் இருக்கும் ரூட்டரோடு மெல்லப் பேசினால் போதும். செட்டிநாட்டு வீட்டுக்கு இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது.

தலைமாட்டில் போன் வைத்துத் தூங்குவதைப் பற்றிக் கேட்டார். பேசாமல் சும்மா கிடக்கும் போன் அவ்வப்போது டவருக்கு 'நான் இங்கே இருக்கிறேன்' என்று ஒரு குரல் கொடுப்பதோடு சரி. அது எனக்குக் கவலையில்லை. தலையணைக்கு அடியில் வைத்து, அதையும் சார்ஜ் போட்டு, அதையும் நாற்பது ரூபாய் சார்ஜரில் போட்டுத் தூங்குகிறார்களே, அதுதான் கவலை. சூடு வெளியேற வழியில்லாமல் பேட்டரி உப்பிப்போய் என் கடைக்கு வரும் போன்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. பின்மூடி தூக்கிக்கொண்டு நிற்கும். அதை அழுத்தி மூடிப் பார்ப்பவர்களும் உண்டு. செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.

ஆச்சியின் கொழுந்தனாருக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. சட்டையின் இடது பையில்தான் போன் வைப்பாராம். அதை மட்டும் கண்டிப்பாக மாற்றச் சொன்னேன். புது போன்கள் சிலவற்றில் காந்தம் உண்டு, பேஸ்மேக்கருக்கும் போனுக்கும் நடுவே 15 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், பேசும்போது எதிர்ப்பக்கக் காதில் பேச வேண்டும். மேற்கொண்டு அவருடைய டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

கிளம்பும்போது ஆச்சியின் பேரன் வண்டியை எடுத்தான், ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு. செல்போனால் சாகிறவர்கள் உண்டு என்றால் அவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். ஓட்டும்போது போன் பேசுபவர் விபத்தில் சிக்குவதற்கான வாய்ப்பு நாலு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தேவகோட்டை ரஸ்தாவில் சாயங்காலம் அரை மணி நேரம் நின்று பார்த்தால் அந்த நாலு மடங்கு கண்ணால் தெரியும். பையனை நிறுத்தி ஆச்சியே ஒரு பிடி பிடித்தார். கதிர்வீச்சு பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனவன் எட்டிப் பார்த்தேன். காது இப்போது சுடவில்லையாம், மகன் பேசுவதும் தெளிவாகக் கேட்கிறதாம். ரூட்டரைத் தேடினேன், காணோம். நாலாக மடித்த வெல்வெட் துணி ஒன்றைப் போர்த்தி, மேலே ஒரு சின்னப் பித்தளைப் பிள்ளையாரை வைத்திருந்தார். "அதுலேருந்து வர்ற கதிர்வீச்சு துணியத் தாண்டாதில்ல?" துணி அலையை ஒன்றும் செய்யாது ஆச்சி, சூட்டைத்தான் உள்ளேயே அடைத்து வைக்கும் என்று சொல்லித் துணியை எடுத்தேன். தொட்டுப் பார்த்தால் இட்லிக் கொப்பரை மாதிரி கொதித்தது. பிள்ளையாரைப் பக்கத்து மாடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.